21,400 ஓடுன செகண்ட்ஸ் ஸ்னோமொபைல் வாங்கலாமா?

ஏப்ரல் 21, 2024 – வந்த கேள்வி

"அண்ணா வணக்கம். நான் குடியாத்தம், ரெண்டு வருஷமா கனடாவுல சட்பரி பக்கம் வேலை. அடுத்த குளிருக்கு ஒரு பழைய ஸ்னோமொபைல் வாங்கலாம்னு ரெண்டு வண்டி பாத்து வெச்சிருக்கேன். ஒன்னு 2013 மாடல், டூ ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வண்டி, 6,200 கி.மீ, 5,500 டாலர். இன்னொன்னு 2009 மாடல், ஃபோர் ஸ்ட்ரோக், மீட்டர்ல 21,400 இருக்குது, 4,200 டாலர் சொல்றாரு. கூட தங்கியிருக்குற பையன், பத்தாயிரம் தாண்டுன ஸ்னோமொபைல் பழைய இரும்புக்குத்தான் போவும், தொடாதங்கிறான். நீங்க மிலிட்டரில ஸ்னோ ஸ்கூட்டர் வேலை பாத்தவருன்னு ஊர்ல சொன்னாங்க. எத்த வாங்கறது?"

ஏப்ரல் 21, ராத்திரி

தம்பி, 21,400 வண்டிய விட்டுடாத. இப்போதைக்கு அவ்ளோதான் சொல்றேன், கடை சாத்துற நேரம். ரெண்டு வண்டியும் ஒவ்வொன்னும் கடைசியா எப்ப ஓடுச்சு, வெயில் காலத்துல எங்க நின்னுச்சுன்னு கேட்டு சொல்லு. கிலோமீட்டர் அப்பால பாத்துக்கலாம்.

ஏப்ரல் 22

நேத்து அவசரத்துல எழுதிட்டேன், ஏன் அப்படி சொன்னேன்னு இப்ப சொல்றேன்.

நான் கம்மவான்பேட்டை பக்கம், எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருப்பாங்க. 22 வருஷம் பட்டாளத்து வண்டிங்கள ரிப்பேர் பாக்குற இ.எம்.இ பிரிவுல மெக்கானிக், அதுல ரெண்டு தபா லடாக் போஸ்டிங். ஸ்னோ ஸ்கூட்டர்னு நாங்க சொல்றதத்தான் நீங்க ஸ்னோமொபைல்ங்கறீங்க. இப்ப பாகாயத்துல டூவீலர் ஒர்க் ஷாப் வெச்சிருக்கேன். அங்க பனில கத்துகினதும் இங்க வெயில்ல கத்துகினதும் ஒன்னுதான், ஓடிகினே இருக்குற வண்டி எங்க கெடும்னு முன்னாடியே காட்டும், நின்னுகினே இருந்த வண்டி காட்டாது.

நம்ம ஊரு கதையே சொல்றேன். 2016-ல ஒரு பைக் வாங்குனேன், அத்த வெச்சிருந்த பையன் வெளிநாடு போயிட்டான், வெறும் 8,000 கி.மீ, கவர் போட்டு வாசல்ல நிக்குது, புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு, நானே மெக்கானிக், நானே ஏமாந்தேன். அஞ்சு வருஷம் நின்னதுல டேங்க் உள்ள துரு, கார்புரேட்டர்ல பெட்ரோல் காஞ்சு கோந்து மாதிரி, ஃபோர்க் ஆயில் சீல் வெடிச்சு, டயர் ஓரம் எல்லாம் கீறல். வாங்குன காசுல பாதிக்கு மேல செலவு பண்ணி அப்புறம் கிராங்க் பேரிங்கும் சத்தம் குடுத்துச்சு. அதே வருஷம் ஒரு பால்காரர் வண்டி, 1,20,000 ஓடுனது, காட்பாடிக்கும் திருவலத்துக்கும் தெனம் போய்ட்டு வர்றது, ஒவ்வொரு 2,000-த்துக்கும் ஆயில் மாத்துன சீட்டு சீட் கவர் உள்ள சொருகி வெச்சிருந்தாரு, அந்த இஞ்சின் ஹெட் திறக்காம இன்னும் ஓடுது.

பனி வண்டில இது இன்னும் மோசம். வருஷத்துல மூணு நாலு மாசந்தான் ஓட்டுவாங்க, மீதி எட்டு மாசம் ஷெட்ல நிக்கும். அந்த எட்டு மாசத்த எப்படி நிக்க வெச்சாங்கங்கறதுதான் வண்டியோட ஆயுசு.

ஏப்ரல் 22, மத்தியானம்

ஸ்னோமொபைல்னா இன்னா வண்டின்னு ரெண்டு பேர் கேட்டாங்க. முன்னாடி ரெண்டு ஸ்கீ, பின்னாடி ஒரு அகலமான ரப்பர் டிராக், நடுவுல இஞ்சின். கியர் கிடையாது, ஆக்டிவால இருக்குற மாதிரி பெல்ட்தான், முன் கிளட்ச், பின் கிளட்ச், வேகத்துக்கு தகுந்தாப்புல பெல்ட் ஏறி எறங்கும். பின் கிளட்ச்சுல இருந்து ஜாக்‌ஷாஃப்ட், அதுல இருந்து செயின் ஓடுற பொட்டி, செயின்கேஸ், அங்க இருந்து டிராக். ஜோசஃப் அர்மான் பாம்பார்டியேங்கிறவரு கியூபெக்ல வால்கோர்ங்கிற ஊர்ல 1959-ல ஸ்கி-டூ-ன்னு சின்ன வண்டி போட்டாரு, அங்க இருந்துதான் இது பொழுதுபோக்கு வண்டியா பரவுச்சு. ரொம்ப வருஷம் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்தான். யமஹா 2003 மாடல்ல ஆர்-1 பைக் இஞ்சின அடிப்படையா வெச்சு ஆர்எக்ஸ்-1-ன்னு ஃபோர் ஸ்ட்ரோக் எறக்குனப்புறந்தான் பெரிய கிலோமீட்டர்ங்கிற பேச்சே சகஜமாச்சு.

அதனால தம்பி, உன் ரூம்மேட் சொல்ற பத்தாயிரம் கணக்கு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிங்க காலத்து கணக்கு. அவன் சொல்றது பொய்யில்ல, எல்லா வண்டிக்கும் பொருந்தாது, அவ்ளோதான்.

ஏப்ரல் 24

பதில் வந்துச்சு. டூ ஸ்ட்ரோக் வண்டி மூணு குளிரா ஓடல, ஓனர் முட்டி ஆபரேஷன் பண்ணிகினாராம், கராஜ்ல கவர் போட்டு இருக்குது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி இந்த மார்ச் வரைக்கும் ஓடிருக்குது.

மூணு வருஷம் நின்ன டூ ஸ்ட்ரோக்குன்னா நான் மொதல்ல கேக்குறது, நிறுத்தறதுக்கு முன்னாடி ஃபாகிங் ஆயில் அடிச்சாங்களா? இஞ்சின் உள்ள கிராங்க் பேரிங், சிலிண்டர் சுவர் மேல ஒரு ஆயில் படலம் உக்கார வெக்கத்தான் அத்த அடிக்கறது. ஃபோர் ஸ்ட்ரோக்ல கீழ ஆயில் இருக்கும், டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலோட சேந்து வர்ற ஆயில்தான், வண்டி நின்னா அதுவும் இல்ல. ஈரம் எறங்குனா பேரிங் உருண்டைல பொட்டு பொட்டா துரு புடிக்கும், வெளிய இருந்து எவனுக்கும் தெரியாது. ஸ்டார்ட் ஆவும், நல்லாவே ஓடும், 500 கி.மீ-ல கிராங்க் சத்தம் வரும்.

ரெண்டாவது, பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்துனாங்களா. எத்தனால் கலந்த பெட்ரோல் நின்னா தண்ணிய இழுக்கும், கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை, ஜெட்டுன்னு சொல்லுவாங்க, அதுல அடைப்பு வரும். அடைப்பு வந்தா பெட்ரோல் கம்மி, காத்து அதிகம், பிஸ்டன் சூடாவி சிலிண்டர்ல இறுகி நின்னுடும், அதுதான் சீஸ். ஆர்எக்ஸ் 100 வெச்சிருந்தவங்க யாரா இருந்தாலும் இந்த கதை தெரியும்.

ஏப்ரல் 25

இன்னொன்னு விட்டுட்டேன், இத்த கட்டாயம் கேளு. அந்த கார்புரேட்டர் வண்டி இதுக்கு முன்னாடி எந்த ஊர்ல ஓடுச்சு?

லடாக்ல எங்களுக்கு இதுதான் தலைவலி. உசரம் ஏற ஏற காத்து மெலிசாவும், அதே ஜெட்ட வெச்சா பெட்ரோல் அதிகமாயி பிளக் கரி புடிக்கும், அதுக்காக சின்ன மெயின் ஜெட் போடுவோம். அந்த வண்டிய அப்படியே கீழ எறக்குனா காத்து கெட்டி, குளிர் வேற, குளிர்ல இன்னும் கெட்டி, இப்ப பெட்ரோல் பத்தாது. ஒரு தபா மேல இருந்து வந்த ஸ்கூட்டர்ல ஜெட் மாத்தாம ஒரு ஜவான் ஓட்டிட்டாரு, நான் லீவு முடிச்சி வந்து பாத்தேன், பிஸ்டன் தலைல சுண்டுவிரல் போற ஓட்டை. அன்னைக்கு இருந்து வண்டி எங்க இருந்து வருதுன்னு கேக்காம ஸ்பேனர் எடுக்கறதில்ல. கனடாவோட மேற்குப்பக்க மலைல இருந்து வந்த வண்டின்னா சட்பரில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஜெட் நம்பர் பாக்கணும்.

ஏப்ரல் 28

தம்பி இன்னைக்கு டூ ஸ்ட்ரோக்க பாக்கப்போறானாம், இங்க ராத்திரி ஒன்பது மணி, வெயில் போயும் அனல் அடங்கல. வீடியோ கால்ல வாங்கன்னான். போறதுக்கு முன்னாடி சொன்னது இங்கயும் எழுதி வெக்கறேன், வேற யாருக்காவது உதவும்.

போன உடனே இஞ்சின தொட்டு பாரு. சூடா இருந்தா ஓனர் நீ வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காரு, அப்படின்னா ஆறுற வரைக்கும் உக்காரு, டீ குடி, ஜில்லுனு இருக்குற இஞ்சின்தான் உண்மை பேசும். சைலன்ஸர் ஸ்பிரிங் கழட்டி எக்ஸாஸ்ட் போர்ட் வழியா டார்ச் அடி, பிஸ்டன் பக்கவாட்டுல செங்குத்தா கோடு இருந்தா ஒரு தபா சீஸ் ஆயிருக்குதுன்னு அர்த்தம். பிளக் ரெண்டும் கழட்டி கலர் பாரு, ரெண்டும் ஒரே மாதிரி காப்பிக்கொட்டை நிறத்துல இருக்கணும், ஒன்னு வெள்ளையா இருந்தா அந்த சிலிண்டர் சூடாவுது. கம்ப்ரஷன் மீட்டர் வாடகைக்கு கிடைக்கும், எடுத்துகினு போ, த்ராட்டில் முழுசா திறந்து வெச்சி ஸ்டார்ட் பண்ற கயித்த இழு. நம்பர் எவ்ளோங்கறத விட ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது. இஞ்சினுக்கு காத்து போற ஏர் பாக்ஸ் மூடியையும் திற.

ஏப்ரல் 28, பதினொன்றரை

ஏர் பாக்ஸ திறந்தான், எலிக்கூடு. பஞ்சு, புல்லு, கொட்டை ஓடு. அந்த குப்பை இஞ்சின் உள்ள போயிருக்குதா இல்லியான்னு கழட்டாம தெரியாது. கம்ப்ரஷன் ஒன்னு 128, இன்னொன்னு 104. கிட்டத்தட்ட 19 சதவீதம் வித்தியாசம். ஓனர் நல்ல மனுசன், ஒளிக்கல, ஃபாகிங் ஆயில்னா இன்னான்னு அவருக்கே தெரியல. முட்டி வலியோட படுத்தவரு வண்டிய யோசிப்பாரா. ஆனா 5,500-க்கு வாங்கி பிஸ்டன், சிலிண்டர் இருக்குற டாப் எண்ட் இறக்கி, கிராங்க் எப்ப போவும்னு பயந்துகினே காடு நடுவுல ஓட்டறதுக்கு அந்த காசு குடுக்க வேணாம். வேணாம்னு சொல்லிட்டேன். வண்டி அழகா இருக்குது, ஸ்டிக்கர் எல்லாம் புதுசுன்னு தம்பிக்கு மனசே இல்ல.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சிருச்சு. கடை ஷட்டர தொட முடியல. பாதி பனி, பாதி வெயில்ல குடித்தனம் பண்றேன்னு வீட்ல சொல்றாங்க, ஆனா ஒரு பையன் தெரியாத ஊர்ல சம்பாதிச்ச காச பத்தின விசயம், பாதில விட முடியாது.

இப்ப 21,400 வண்டி. வெயில் காலத்துல வாங்குறதுல ஒரு கஷ்டம் இருக்குது, ஓட்டி பாக்க முடியாது. லிக்விட் கூல் வண்டில டிராக்குக்கு மேல மூடி மாதிரி இருக்குற டனல் அடில கூலண்ட்ட ஆற வெக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கும், டிராக் வாரி அடிக்கிற பனிதான் அத்த குளிர வெக்கும். டிராக் உள்ள ஓடுற ரெண்டு பிளாஸ்டிக் பட்டி, ஹைஃபாக்ஸ்னு சொல்லுவாங்க, அதுக்கும் பனிதான் மசகு. பனி இல்லாம ஓட்டுனா இஞ்சினும் சூடாவும், அந்த பட்டி உருகி டிராக்ல ஒட்டிக்கும். அதனால பின்பக்கத்த ஸ்டாண்டுல தூக்கி வெச்சி கொஞ்ச நேரம் ஓட்டி காட்ட சொல்லு, அஞ்சு நிமிசம் போதும். வெல கொறைக்க இதுதான் நல்ல நேரங்கறதும் உண்மை, நவம்பர்ல அதே வண்டிய அந்த வெலைக்கு குடுக்க மாட்டாங்க.

மே 5

ஒரு திருத்தம். டூ ஸ்ட்ரோக்குக்கு சொன்ன கம்ப்ரஷன் கணக்க ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அப்படியே வெச்சிக்காத. பல ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின்ல ஸ்டார்ட் பண்ண லேசா இருக்கணும்னு கேம் ஷாஃப்ட்லயே டீகம்ப்ரஷன் அமைப்பு வெச்சிருப்பாங்க, செல்ஃப்ல சுத்தும்போது வால்வ கொஞ்சம் திறந்து விடும், மீட்டர் கம்மியா காட்டும், நல்ல இஞ்சின கெட்டதுன்னு நெனச்சிடுவோம். அதுக்கு லீக் டவுன் டெஸ்ட்தான் சரி, சிலிண்டருக்குள்ள காத்து அடிச்சி எங்க போவுதுன்னு கேக்கறது. ஆயில் ஊத்துற மூடி வழியா வந்தா ரிங், சைலன்ஸர் வழியா வந்தா வால்வு, கூலண்ட்ல குமிழி வந்தா ஹெட் பேக்கிங். நேத்து போன்ல தம்பிக்கு தப்பா சொல்லிட்டேன், நல்ல வேளை அவன் இன்னும் போவல.

மே 11

போட்டோ அனுப்பினான். மீட்டர் போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். பாத்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. 21,400 கி.மீ இல்ல தம்பி, மைல். மீட்டர் ஓரத்துல சின்னதா போட்டிருக்குது. அமெரிக்காவுல இருந்து வந்த வண்டி. கணக்கு போட்டா 34,400 கி.மீ-க்கு மேல.

ஓனரு கிட்ட கேட்டப்ப, ஆமா மைல்தான், விளம்பரத்துல 21,400-ன்னுதான போட்டேன்னாராம். பொய் சொல்லல, முழுசா சொல்லவும் இல்ல. வட அமெரிக்கால பழைய வண்டி வாங்குற நம்ம பசங்க எல்லாரும் இத்த மனசுல வெச்சிக்கோங்க, மீட்டர் செட்டிங் மாத்துனா சில வண்டில கி.மீ-யும் காட்டும், மைலும் காட்டும்.

மே 12, விடிகாலை

தூக்கம் வரல. ஓடுன வண்டி நல்ல வண்டின்னு நானே சொன்னேன், இப்ப 34,000-ன்னதும் எனக்கே கை நடுங்குது. அப்ப நான் சொன்னது தப்பா? உக்காந்து யோசிச்சேன். கிலோமீட்டர் ஒன்னுமே இல்லன்னு சொன்னா அது தப்புதான். எந்த பாகம் கிலோமீட்டரால தேயும், எந்த பாகம் நிக்கிறதால கெடும்னு பிரிச்சி பாக்கணும், அத்த நான் மொதல்ல சொல்லல.

ஓட்டத்தால தேயறது கிளட்ச், பெல்ட், செயின், ஜாக்‌ஷாஃப்ட் பேரிங், டிராக், சஸ்பென்ஷன் புஷ், ஸ்கீ அடில இருக்குற கார்பைடு, டை ராடு எண்ட், ஷாக் அப்சார்பர். இதெல்லாம் கண்ணால பாக்கலாம், கையால ஆட்டலாம், காசு குடுத்தா மாத்தலாம். நிக்கறதால கெடறது டூ ஸ்ட்ரோக் கிராங்க், பெட்ரோல் லைன், சீலு, வயரு, எலி கடிச்ச ஹார்னஸ். அது கண்ணுக்கு தெரியாது. 34,000 ஓடுன ஃபோர் ஸ்ட்ரோக்ல எனக்கு பயம் ரெண்டுதான், வால்வு கிளியரன்ஸ் எப்பவாவது பாத்தாங்களா, ஆயில் ஒழுங்கா மாத்துனாங்களா. அதுக்கு சீட்டு இருக்குதான்னு கேளு தம்பி. சீட்டு இல்லன்னா விட்டுடலாம்.

மே 13

சீட்டு இருக்குதாம். ஒரு பழைய சாக்லேட் டப்பா நெறைய. ஓனரு ரிட்டையர் ஆன தபால்காரரு, வாராவாரம் நண்பருங்களோட நூறு நூத்தம்பது கிலோமீட்டர் போவாராம். ஒவ்வொரு சீசன் முடிவுலயும் ஆயில், செயின்கேஸ் ஆயில், கிரீஸ். வால்வு கிளியரன்ஸ் சரி பண்ண ஷிம் மாத்துன பில்லு ஒன்னு. பெல்ட் மாத்துனது மட்டும் ஆறு பில்லு. எனக்கு திருவலம் பால்காரர் சீட்டுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

மே 15

நடுவுல ஒருத்தர் கேட்டாரு, "யமஹா ஸ்னோமொபைல் நிறுத்திட்டாங்களே, அந்த கம்பெனி வண்டி வாங்கலாமா?" நிறுத்தறேன்னு 2023-ல அறிவிச்சாங்க, வட அமெரிக்காவுக்கு 2025 மாடல்தான் கடைசி. பாகம் தொடர்ந்து குடுப்போம்னும் சொல்லிருக்காங்க. இங்க ஆர்எக்ஸ் 100 1996-ல நின்னுபோச்சு, இன்னைக்கும் வேலூர்ல பிஸ்டன் கிட்டு கிடைக்குது. வண்டி நெறைய ஓடுன எடத்துல பாகம் சீக்கிரம் காணாம போவாது. தம்பி பாக்குற வண்டி இன்னா கம்பெனின்னு கேக்காதீங்க, அத்த இங்க எழுத வேணாம்னு முடிவு பண்ணிருக்கோம்.

மே 18

இன்னைக்கு ஒரு மணி நேரம் வீடியோ கால். கடைல பசங்க எல்லாம் பின்னாடி நின்னு பாத்தாங்க.

ஜில்லுனு ஸ்டார்ட், ஒரே தடவ. கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆயில் அளவு பாக்க சொன்னேன், இந்த இஞ்சின் டிரை சம்ப், ஆயில் தனி டேங்குல இருக்கும், ஜில்லுனு பாத்தா தப்பா காட்டும். மூடி உள்ள லேசா பாலாடை மாதிரி இருந்துச்சு, தம்பி பயந்துட்டான், கூலண்ட் கலந்துருச்சுன்னு. அவசரப்படாத, குளிர் ஊர்ல கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துனா இஞ்சின் உள்ள வேர்க்கும், அந்த தண்ணியும் மூடில இப்படி நிக்கும், கூலண்ட் டேங்க் அளவ பாரு, டிப்ஸ்டிக்க பாருன்னேன். கூலண்ட் சரியா இருந்துச்சு, டிப்ஸ்டிக்ல சுத்தமான ஆயில். வேர்வதான்.

கிளட்ச் மூடி திறந்தா கருப்பு தூள் கம்மி. முன் கிளட்ச்ச ஐடில்ல கேட்டா கடகடன்னு லேசா சத்தம், புஷ் தேஞ்சிருக்குது, செலவு எழுதிக்கோன்னேன். பின் கிளட்ச்ச புடிச்சி மேல கீழ ஆட்டுனான், கிளட்ச்சோட சேந்து ஷாஃப்ட்டும் ஆடுது. ஜாக்‌ஷாஃப்ட் பேரிங் போச்சு. அத்த அப்படியே ஓட்டுனா பெல்ட் கோணலா ஓடி கிழியும், கடைசில ஷாஃப்ட்டே தேயும். அதுவும் எழுது.

செயின்கேஸ் டிரெயின் போல்ட்டுல காந்தம் இருக்கும், கழட்ட சொன்னேன், ஓனரு மொகம் சுளிக்காம தானே கழட்டி குடுத்தாரு. சாம்பல் நிறத்துல மை மாதிரி கொஞ்சம், அது சகஜம். துண்டு இல்ல, பல்லு இல்ல. எனக்கு அந்த ஒரு போட்டோவுல பாதி பாரம் எறங்குச்சு.

டிராக் திருப்பி திருப்பி பாத்தோம். ஒவ்வொரு வரிசையா கையால மடக்கி பாக்கணும், உள்ள இருக்குற ஃபைபர் ராடு உடைஞ்சிருந்தா அந்த எடம் மட்டும் துணி மாதிரி தொளதொளன்னு வளையும். ரெண்டு ராடு உடைஞ்சிருக்குது, ஓரம் ஒரு எடத்துல நூல் தெரியுது. ரெண்டு சீசன் ஓட்டலாம், அப்புறம் டிராக் செலவு இருக்குதுன்னு தெரிஞ்சே வாங்கணும். டனல் அடில வளைவு இல்ல, முன்பக்கம் ஸ்கீய தாங்குற ஏ-ஆர்ம் புடிக்கிற எடத்துல வெல்டிங் இல்ல, பெயிண்ட் டச்-அப் இல்ல. மரத்துல மோதுன வண்டின்னா அங்கதான் தெரியும். ரெண்டு ஸ்கீ நடுவுல முன்னாடியும் பின்னாடியும் டேப் வெச்சி அளந்தான், கிட்டத்தட்ட சமம். கைப்பிடி ஹீட்டர், ரிவர்ஸ் ரெண்டும் வேலை செய்யுது. டனல் மேல அடிச்ச நம்பரும் பேப்பர்ல இருக்குற நம்பரும் ஒன்னு.

மே 18, மறுபடியும்

வெல பேசுனது தம்பிதான், நான் சொல்லிக்குடுத்தது ஒன்னே ஒன்னு, வண்டிய குத்தம் சொல்லாத, செலவு கணக்க நீட்டு. புஷ், ஜாக்‌ஷாஃப்ட் பேரிங், ஹைஃபாக்ஸ், கார்பைடு, ரெண்டு வருஷத்துல டிராக். மைல் விசயத்தையும் மரியாதையா சொன்னான். 3,300-க்கு முடிஞ்சிது. சாக்லேட் டப்பாவையும் சேத்து குடுத்தாராம், இது வண்டியோட இருக்கணும்னு சொல்லி. அந்த மனுசன நான் பாத்ததில்ல, ஆனா கை எடுத்து கும்பிடணும்னு இருந்துச்சு.

மே 26

இப்ப குளிர் வர்ற வரைக்கும் வண்டிய நிறுத்தி வெக்கற வேலை, இது வாங்குறத விட முக்கியம் தம்பி, ஒன்னு விடாம செய். டேங்க் முழுசா பெட்ரோல் ரொப்பி ஸ்டெபிலைசர் ஊத்தி பத்து நிமிசம் ஓடவிடு, முன்ன சொன்ன மாதிரி அதிக நேரம் வேணாம், ஃபேன் ஒன்னு முன்னாடி வெச்சிக்கோ, சூடு காட்டுனா நிறுத்து. பெல்ட்ட கழட்டி தொங்கவிடு, இல்லன்னா ஒரே எடத்துல மடிஞ்சு நினைவு புடிச்சிக்கும். கிரீஸ் நிப்பிள் எல்லாத்துக்கும் கிரீஸ், பழைய கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும். பின்பக்கம் தூக்கி டிராக் தரைல படாம வை, டென்ஷன் கொஞ்சம் தளத்து. பேட்டரி கழட்டி வீட்டுக்குள்ள. சைலன்ஸர் வாய்லயும் காத்து போற வாய்லயும் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரு சொருகு, எலிக்கு அதுதான் ஆவாது, சொருகியிருக்குதுன்னு ஹேண்டில்ல ஒரு சிவப்பு துணி கட்டு, மறந்து ஸ்டார்ட் பண்ணிடாத. பிளாஸ்டிக் தார்ப்பாய் போடாத, ஈரம் உள்ளயே நிக்கும், காத்து போற துணி கவர் போடு.

2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தப்ப தண்ணில நின்ன ஒரு ஸ்கூட்டர இங்க ஒருத்தர் தார்ப்பாய் சுத்தி மூணு மாசம் வெச்சிட்டாரு, காயட்டும்னு. திறந்தா உள்ள மாத்தாம விடற மாதிரி பேரிங் ஒன்னு கூட இல்ல. தண்ணிய விட மூடி வெச்சதுதான் அத்த தின்னுச்சு.

செப்டம்பர் 29

ஜாக்‌ஷாஃப்ட் பேரிங்கும் கிளட்ச் புஷ்ஷும் மாத்திட்டான். அந்த ஊர் மெக்கானிக் ஒருத்தரு பழைய பேரிங்க கைல குடுத்தாராம், சுத்துனா மணல் அரைக்கிற மாதிரி இருக்குதாம். ஹைஃபாக்ஸ், கார்பைடு அவனே போட்டான். ஓடோமீட்டர் போட்டோவ ஒரு நோட்டுல ஒட்டி அது கீழ தேதி எழுதி வெச்சிருக்கான், சாக்லேட் டப்பா ரொம்பிடுச்சு, நோட்டு ஆரம்பிச்சிட்டான்.

டிசம்பர் 22

மொத ஓட்டம், நூறு கிலோமீட்டர், பனி காட்டுக்குள்ள. வீடியோ அனுப்பினான், எங்க வீட்டம்மாவும் உக்காந்து பாத்தாங்க, அந்த வெள்ளைல ஒரு சின்ன கருப்பு புள்ளியா போறான். ஏரி மேல ஐஸ் வழுவழுன்னு இருந்த எடத்துல சூடு காட்டுச்சாம், தூள் பனி இல்லன்னா எக்ஸ்சேஞ்சருக்கு ஒன்னும் போவாது. ஐஸ் ஸ்கிராட்ச்சர்னு ரெண்டு கம்பி இருக்குது, ஐஸ சொரண்டி தூளாக்கி மேல அடிக்கும், அத்த மாட்டு தம்பி, வெல கம்மிதான்.

ஜனவரி 12, 2025

இது என் தப்பு. தம்பி அறுபது கிலோமீட்டர் தள்ளி போன எடத்துல பின்னாடி கீச்சு கீச்சுன்னு சத்தம், எறங்கி பாத்தா டிராக் உள்ள இருக்குற ஒரு சின்ன ஐட்லர் சக்கரம் சுத்தல, ரப்பர் ஒரு பக்கம் தட்டையா தேஞ்சு போச்சு. மைனஸ் 24 டிகிரி. மெதுவா இருபது இருபத்தஞ்சுல ஓட்டிகினு வந்து சேந்தான். கூட இன்னொரு வண்டி இருந்துச்சு, இல்லன்னா நான் இன்னைக்கு தூங்கிருக்க மாட்டேன்.

மே மாசம் பாத்தப்ப ஒவ்வொரு ஐட்லர் சக்கரத்தையும் கையால சுத்தி பாக்க சொல்லி இருக்கணும். கிளட்ச், செயின்கேஸ்னு பெரிய பாகத்துலயே என் கண்ணு நின்னுடுச்சு. 34,000 ஓடுன வண்டில அந்த சின்ன பேரிங்தான் மொதல்ல போவும், ஸ்னோ ஸ்கூட்டர் வேலை பாத்தவனுக்கு இது தெரியும், தெரிஞ்சும் விட்டுட்டேன். செகண்ட்ஸ் பாக்கப்போற யாரா இருந்தாலும் இத்த லிஸ்ட்ல சேத்துக்கோங்க, பின்பக்கம் தூக்கி ஒவ்வொரு சக்கரமா சுத்தி விரல வெச்சி பாரு, கொரகொரன்னா மாத்து.

ஜனவரி 13

தம்பி கேட்டான், போனத மட்டும் மாத்துனா போதுமா அண்ணா, இப்ப கையில காசு கொஞ்சம் கம்மின்னு. எல்லாம் ஒரே வயசு பேரிங், ஒன்னு போச்சுன்னா மீதி வரிசைல நிக்குது. சக்கரம் மொத்தமா வாங்காத, ரப்பர் தேஞ்ச அந்த ஒரு சக்கரத்த மட்டும் புதுசா வாங்கு, மீதி எல்லாத்துக்கும் பேரிங் மட்டும் மாத்து. பழைய பேரிங் ஓரத்துல நம்பர் இருக்கும், அத்த துடைச்சி பாத்து அதே நம்பர் சொல்லி பேரிங் கடைல கேளு, வண்டி கம்பெனி டப்பால இருக்குறத விட கம்மியா கிடைக்கும். ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்குறதா பாத்து வாங்கு, தகர மூடி போட்டது வேணாம், பனித்தண்ணி உள்ள போயிடும். தட்டி ஏத்தும்போது வெளி வளையத்துல தட்டு, உள் வளையத்துல தட்டாத, பழைய பேரிங்கையே மேல வெச்சி தட்டுனா சரியா எறங்கும். சனிக்கிழமை உனக்கு லீவுதான, இங்க ராத்திரி எட்டு மணிக்கு கூப்புடு, நான் கடைலயே இருக்கேன்.